கண்ணாடியில் பதினோரு பொட்டு

எய்யா,

இத கையில எடுத்த ஒடனே எனக்குப் போன் போடாத. மொதல்ல முழுசாப் படி. படிச்சு முடிச்ச பொறவு என்ன வேணும்னாலும் திட்டு, நான் கேட்டுக்கிடுதேன். நீ தமிழ எழுத்துக்கூட்டித்தான் படிப்பன்னு எனக்குத் தெரியும். ஏழாங்கிளாஸ் வரைக்கும் முனிசிபாலிட்டி ஸ்கூல்ல தமிழ் படிச்சவன், பொறவு இங்கிலீசுக்குப் போயிட்ட. ஒரு கடை போர்ட நீ வாசிச்சு முடிக்கறதுக்குள்ள அவன் கடையவே அடைச்சுட்டுப் போயிருவான்னு உங்கம்மா கிண்டல் பண்ணுவா. பரவாயில்ல, மெதுவாவே படி. நானும் நாலு நாளா மெதுவாத்தான் எழுதுதேன். வாட்சப்புல பேசி அனுப்பிரலாம்னு பாத்தேன். ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டிய எடம் வந்ததும் அழிச்சுப்புட்டேன். எழுதுனா நடுவுல நிறுத்திட்டு, மூக்கச் சிந்திட்டு வந்து மறுபடி எழுதலாம்.

போன வியாழக்கிழம மீனா வந்திருந்தா. இன்னும் மூணு வாரத்துல நீ தாலி கட்டப்போற புள்ள, திலக் நகர்லருந்து தனியா பஸ் ஏறி தாராவிக்கு வந்து நிக்காளேன்னு எனக்கே ஒரு மாதிரி ஆயிட்டு. பத்திரிகையில பேரெல்லாம் சரியா இருக்கான்னு பாருங்க மாமான்னு ஒரு காயிதத்த நீட்டினா. அது சாக்குன்னு அவ மொகத்தப் பாத்தாலே தெரிஞ்சுது. டீ போட்டுக் குடுத்தேன். டம்ளர கையில வச்சுக்கிட்டே இருந்தா, குடிக்கல. பொறவு கேட்டுட்டா. "மாமா, அவர் பிசியோதெரபி படிச்சவர்தான? பின்ன ஏன் விக்ரோலில இன்சூரன்ஸ் ஆபீஸ்ல பைல் பாத்துட்டு உக்காந்திருக்கார்? எங்கப்பாக்கு தோள் பூரா ஜாம் ஆயிருச்சு, கைய தூக்கவே முடியல. ஒரு தடவ பாருங்கன்னு சொன்னேன். ரெண்டு கையயும் பின்னால கட்டிக்கிட்டார் மாமா. 'நான் தொட்டா ஒடஞ்சிரும்'னார். என்ன தப்பு செஞ்சார் அவர்? எங்கிட்ட சொல்ல மாட்டேங்கார். நீங்களாவது சொல்லுங்க."

அவன் ஒரு தப்பும் செய்யல, டீ ஆறுது குடிம்மான்னேன். அந்தப் புள்ள டம்ளர வச்சுட்டு, பத்திரிகைய எடுத்துக்கிட்டுப் போயிட்டு. அவ தெரு முக்கு திரும்புற வரைக்கும் வாசல்ல நின்னேன். கூப்பிட்டுச் சொல்லிருவோமான்னு இருந்துச்சு. சொல்லல. அவ கேட்டதுக்குப் பதில் எங்கிட்டதான் இருக்கு. மூணு வருசமா இருக்கு. அவகிட்ட சொல்லுததுக்கு முன்ன உங்கிட்ட சொல்லணும்ல. தப்பு செஞ்சது நீ இல்ல எய்யா. நான்தான்.

ஆரம்பத்துலருந்து சொல்லுதேன். உனக்குத் தெரிஞ்சதும் இதுல வரும், பொறுத்துக்கோ. உங்கம்மாவுக்கு இடது கையும் இடது காலும் இழுத்துக்கிட்டப்ப நீ புனேயில மொத வேலையில சேந்து ஏழு மாசம்கூட ஆகல. ஓடி வந்த. பெரியாஸ்பத்திரியில ரெண்டு வாரம் கெடந்தா. பேச்சு தப்பிச்சுது, வலது கை தப்பிச்சுது. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்னைக்கு அங்கன ஒரு பேப்பர் குடுத்தாவோ, ஞாபகம் இருக்கா? படம் போட்ட பேப்பர். பெரிய கட்டில், கைப்பிடி வச்ச மாடிப்படி, அகலமான ஒரு ஹால், அதுல ஒரு வெள்ளக்காரக் கெழவி கைய கால ஆட்டிக்கிட்டு இருப்பா. நீ அத நாலா மடிச்சுப் பையில போட்டுட்டு, "இவ்வளவு எடம் நம்ம சந்துக்கே கெடயாதுப்பா"ன்ன. உங்கம்மா படுத்துக்கிட்டே சிரிச்சா. பத்துக்குப் பன்னெண்டு அடியில நம்ம ஒத்த ரூம் கோலி, ஒரு மூலையில தண்ணி பொழங்குத மோரி, தலைக்கு மேல மாலான்னு ஒரு பரண், அதுக்கு ஏற ஒரு இரும்பு ஏணி. அந்த ஏணிக்கும் சுவத்துக்கும் நடுவுலதான் அவ ஒலகம்.

நீ அன்னைக்கு செஞ்சத நான் மறக்க மாட்டேன். எந்த எக்சசைசும் சொல்லல. மொதல்ல அவ பக்கத்துல உக்காந்து, "யம்மா, உனக்கு என்ன செய்யணும்? ஒண்ணே ஒண்ணு சொல்லு"ன்னு கேட்ட. அவ யோசிக்கவே இல்ல. "யாரும் கையப் பிடிக்காம கக்கூசுக்குப் போய்ட்டு வரணும்"ன்னா. ஆறடி ஆம்பள நான், திரும்பி நின்னுக்கிட்டேன். நீ திரும்பல. எங்கிட்டருந்து, நான் பை தைக்குத கார்கானாவோட இஞ்சி டேப்ப வாங்கிட்டுப் போயி, சந்துக்கோடியில இருக்க பொதுக் கக்கூஸோட மூணு படியையும் அளந்துட்டு வந்த. பிடிக்கக் கம்பி கெடயாது, மொதப் படி ஒசரம் ஜாஸ்தின்னு நோட்டுல எழுதின. வழியில சாக்கட மூடி எத்தன, எங்கன வழுக்கும், எல்லாம் எழுதின. நம்ம சனம் பாத்துச் சிரிச்சுது, டாக்டருக்குப் படிக்க வச்சா கக்கூஸ அளக்கான்னு. எனக்குச் சிரிப்பு வரல. நான் பை தைக்கறவன். யார் தூக்கப் போறா, என்னத்த வைக்கப் போறான்னு தெரியாம வெட்டுனா பை ஒரு மாசம்கூட நிக்காது. என் மவனுக்கு வேல தெரியுதுன்னு நெனச்சேன்.

அந்தப் படியிலருந்து பின்னால நடந்து வந்து நீ திட்டம் போட்ட. படி ஏறணும்னா மொதல்ல உக்காந்த எடத்துலருந்து எந்திரிக்கணும். கார்கானாவுல கெடந்த மரப் பெஞ்சக் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொரு காலுக்கு அடியிலயும் ரெண்டு செங்கல் வச்ச. ஒசரமா இருந்தா எந்திரிக்க லேசு. போகப்போக ஒவ்வொரு செங்கலா உருவணும், கடைசியில செங்கல் இல்லாம எந்திரிக்கணும், அதுக்கு மேலதான் ஒரு சின்னப் பெட்டி வச்சு ஏறி எறங்கணும். எதுத்தாப்புல சுவத்துல பழைய அலமாரிக் கண்ணாடிய ஆணியடிச்சு மாட்டின, முழங்கால்லருந்து தலைக்கு மேல வரைக்கும் நீட்டமா. அதுக்கு நடுவுல மேலருந்து கீழ கறுப்பு டேப் ஒண்ணு ஒட்டின. "கோட்டப் பாத்துக்கிட்டே எந்திரிம்மா, இடது பக்கம் சாயக்கூடாது"ன்ன. என்னய அவ இடது பக்கம் நிக்கச் சொன்ன. சதை வலிச்சா வலிக்கட்டும், மூட்டு வலிச்சா நிறுத்திரு, பேச முடியாம மூச்சு வாங்குனா உக்கார வையின்னு ஒவ்வொண்ணாச் சொன்ன. காலையில பத்து, மத்தியானம் பத்து, சாயங்காலம் பத்து. செஞ்சதுக்கெல்லாம் டிக் போட கட்டம் கட்டமா ஒரு பேப்பர். "சனிக்கிழமைக்கு சனிக்கிழம போட்டோ எடுத்து அனுப்புப்பா. அத வச்சுத்தான் அடுத்த வாரம் எவ்வளவு ஏத்தணும்னு நான் பாப்பேன். அம்மா செய்யாதத செஞ்ச மாதிரி போட்டுராத"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்ன. நானும் சிரிச்சேன்.

மொத நாலு நாள் ஒழுங்காச் செஞ்சோம். அதுல பொய் இல்ல. அவ எந்திரிப்பா, கண்ணாடியப் பாப்பா, "இவளப் பாரு, கோணக் கழுத"ன்னு தன்னயவே திட்டுவா, உக்காருவா. முடிக்கையில வேத்து ஊத்தும். நெத்திப் பொட்டு நழுவி மூக்குக்கு வந்துரும். அதப் பிச்சு எட்டின எடத்துல கண்ணாடியில ஒட்டிட்டு, மூஞ்சியத் தொடச்சுட்டு வேற பொட்டு வைப்பா. நம்ம கோலியில எதுதான் எட்டாது, பெஞ்சுல உக்காந்து கைய நீட்டுனா கண்ணாடி. பொம்பளைங்க செய்யறதுதானன்னு நான் அதப் பெருசாக் கவனிக்கல.

அஞ்சாம் நாள் கார்கானாவுல ஸ்கூல் பேக் சீசன் தொடங்கிட்டு. ஜூன்ல பள்ளிக்கூடம் தெறக்கறதுக்குள்ள தச்ச மால் கடைக்குப் போகணும். காலையில எட்டு மணிக்கு மெஷின்ல உக்காந்தா வீடு வந்து சேர பொழுது சாஞ்சுரும். கார்கானாவுல நாங்க எப்படி வேல பாப்போம்னு உனக்குத் தெரியுமோ என்னவோ. சாயங்காலம் மொதலாளி சேட்டோட ஆள் நோட்டோட வருவான். அன்னைக்கு எனக்கு ஆறு டஜன் பைன்னு வையி, அஞ்சுதான் முடிஞ்சிருந்தாலும் ஆறுன்னே எழுதச் சொல்லிருவேன். மறுநாள் சேட் வர்றதுக்கு முன்ன போயி அந்த ஒரு டஜன அடிச்சுப் போட்டுருவேன். எல்லாரும் அப்படித்தான். இதுல யாரும் யாரையும் ஏமாத்தல. மால் ஏறுத அன்னைக்கு எண்ணிக்கை சரியா இருக்கும், அவ்வளவுதான். முப்பது வருசமா கை அப்படியே பழகிட்டு.

வீட்டுக்கு வந்தா உங்கம்மா சுவத்தப் பாத்துப் படுத்திருப்பா. "ஏட்டி, செஞ்சியா?"ம்பேன். "எங்க செய்ய. தனியா எந்திரிக்கப் பயமா இருக்கு. கதவத் தெறந்து வச்சா போறவ வாறவல்லாம் நின்னு பாக்கா, மூடி வச்சா மூச்சு முட்டுது"ம்பா. சில நாள் அழுதுக்கிட்டுக் கெடப்பா, போகப்போக நான் கேக்கறதயே விட்டுட்டேன். எனக்கும் முதுகு கழண்டு போயிருக்கும். சரி, நாளைக்குச் சேத்து செஞ்சுக்கிடலாம்னு டிக்கப் போட்டுருவேன். பை கணக்குல போட்ட மாதிரியே போட்டேன் எய்யா. பாக்கி வச்ச டஜன மறுநாள் அடிச்சுரலாம், பாக்கி வச்ச பத்து தடவைய ஒரு கால் மறுநாள் எங்கிருந்து எடுக்கும்னு இந்தக் கூறு கெட்ட மண்டைக்கு உறைக்கல.

மொத சனிக்கிழம போட்டோ அனுப்பினோம். நீ போன்ல வீடியோவுல வந்து குதிச்ச. "யம்மா! ஏழு நாளும் புல்லா? சூப்பர்ம்மா! எங்க சீனியர்கிட்ட காட்டப்போறேன்"ன்ன. உங்கம்மா மொகத்துல அன்னைக்குத்தான் அந்த வியாதிக்குப் பொறவு மொத மொத ஒரு வெளிச்சம் பாத்தேன். நீ போன வச்ச பொறவு அவ எங்கிட்ட சொன்னா, "போட்டுருங்க, அடுத்த வாரமும் போட்டுருங்க. புள்ள அங்கன தனியாக் கெடக்கான். சந்தோசமா வேல பாக்கட்டும்". அவ மேல பழி போடறதுக்கு இதச் சொல்லல. பேனா என் கையிலதான் இருந்துச்சு.

ஆனா பாரு, ஒவ்வொரு டிக்கும் அவளத்தான் ஒதைச்சுது. பேப்பரப் பாத்துட்டு, "ஒரு செங்கல உருவிருங்கப்பா"ன்னு நீ சொல்லுவ. நீ சொன்னது சரி. அவ்வளவு செஞ்சவளுக்கு ஏத்தத்தான செய்யணும். நான் உருவிருவேன். பெஞ்சு தாழ்ந்துரும். எந்திரிக்கறது இன்னும் கஷ்டமாயிரும். கஷ்டமாக ஆக அவ இன்னும் கொறச்சுச் செஞ்சா. கொறைய கொறைய நான் இன்னும் டிக் போட்டேன். நாலு வாரத்துல ஒரு செங்கல்லும் இல்ல. அஞ்சாம் வாரம் நீ பெட்டிய எழுதிட்ட. ஏணியப் பிடிச்சுக்கிட்டு ஒரு பெட்டி மேல ஏறி எறங்கணும், அஞ்சு அஞ்சாத் தொடங்கணும்னு. அந்த வாரம் முழுக்க அந்தப் பெட்டி மோரிக்குப் பக்கத்துல, அது மேல சோப்பு டப்பா வச்சு, சும்மா கெடந்துச்சு. பேப்பர்ல ஏழு நாளும் டிக்கு.

அந்த ஞாயித்துக்கிழம நீ வாரேன்ன. நேர்ல பாத்து, நீயே கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி கக்கூஸ் படியில ஏத்திப் பாக்கணும்ன. சேட் வாறதுக்கு முன்ன பாக்கிய முடிக்கணும், எனக்குத் தெரிஞ்ச வழி அது ஒண்ணுதான். பெட்டிய எடுத்து ஏணி பக்கத்துல போட்டேன். "எந்திரிட்டி, அவன் வந்து பாத்தா மானம் போயிரும்"ன்னேன். மொத அஞ்சு நல்லா ஏறினா. உண்மையச் சொல்லுதேன், எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. பத்து ஆச்சு. பதினஞ்சுல மூச்சு வாங்குனா. "போதும்ங்க, கால் நடுங்குது"ன்னா. பேச முடியாம மூச்சு வாங்குனா உக்கார வையின்னு நீ சொன்னது என் காதுலயே இருக்கு. இருந்தும், "இன்னும் ஒரு பத்து. வாரம் பூரா சும்மாத்தான கெடந்த"ன்னேன். கோவமாச் சொன்னேன். சாயங்காலம் மால் ஏறப் போகுதுன்னு பையனுங்களக் கார்கானாவுல அதட்டுத மாதிரி அதட்டினேன். அவ மறுபடி ஏறினா. நான் அவ இடது பக்கம்கூட நிக்கல, எதுத்தாப்புல நின்னு எண்ணிக்கிட்டு இருந்தேன். இருபத்திரெண்டுல இடது முட்டி மடங்கிட்டு. ஏணியில இடுப்பு அடிச்சு, கீழ விழுந்தா. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேக்கு.

நீ ஸ்டேஷன்லருந்து நேரா ஆஸ்பத்திரிக்கு வந்த. "என்னப்பா ஆச்சு?"ன்ன. நான் சொன்னது இதுதான், நீயும் மறந்திருக்க மாட்ட: "நீ எழுதினதத்தான் செஞ்சுக்கிட்டு இருந்தா. திடீர்னு விழுந்துட்டா". அதுல ஒவ்வொரு வார்த்தையும் உன் தலையில போய் உக்காந்துச்சு. நான் அனுப்பின போட்டோவ எல்லாம் நீ பிரிண்ட் எடுத்து வச்சிருந்த, பையிலருந்து அந்தப் பேப்பர்கள எடுத்து, வராண்டா பெஞ்சுல வரிசையாப் பரப்பி வச்சுக்கிட்டு, விரல வச்சு ஒவ்வொரு கட்டமாப் பாத்த. "பெட்டிய சீக்கிரம் குடுத்துட்டேன்ப்பா. ஒரு வாரம் பொறுத்திருக்கணும். நான்தான் கணக்கு தப்பாப் போட்டுட்டேன்"ன்னு சொல்லிச் சொல்லித் தலையில அடிச்சுக்கிட்ட. நான் உன் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். உன் முதுகத் தடவிக் குடுத்தேன். வாயத் தெறக்கல.

இடுப்பெலும்புக்கு ஆபரேசன் ஆச்சு. பொறவு நெஞ்சுல சளி கட்டிட்டு. நீ மாத்திர வாங்கப் போயிருந்த ஒரு மத்தியானம் அவ எங்கிட்ட பேசினா. வாயில மாஸ்க், அத நகட்டிட்டுச் சொன்னா. "புள்ள அவன் தப்புன்னு நெனச்சுக்கிட்டு இருக்கான். அவன்கிட்ட சொல்லிருங்க. நெசமாச் செஞ்ச அன்னைக்கெல்லாம் கண்ணாடியில பொட்டு ஒட்டியிருக்கேன். டிக்கப் பாக்க வேண்டாம், கண்ணாடியப் பாக்கச் சொல்லுங்க அவன". சரின்னேன். "சொல்லுவேளா?"ன்னா. என் கையத் தூக்கி அவ தலையில வச்சுக்கிட்டா. சொல்லுதேன்னேன். அதுக்கு அடுத்த நாளுக்கு அடுத்த நாள் அவ போயிட்டா. நான் சொல்லல.

ஏன் சொல்லலன்னு கேப்ப. மொத வாரம் உன்னால தாங்க முடியாதுன்னு நெனச்சேன். பதினாறாம் நாள் காரியம் முடியட்டும்னு நெனச்சேன். அப்புறம் நீ புனே வேலைய விட்டுட்டு வந்த, இப்ப சொன்னா இன்னும் ஒடஞ்சிருவான்னு நெனச்சேன். இதெல்லாம் நான் எனக்குச் சொல்லிக்கிட்டது. நெசம் என்னன்னா, சொன்னா நீ என்னய விட்டுட்டுப் போயிருவன்னு பயம். அவளும் போயி, நீயும் போயி, நான் மட்டும் அந்தப் பெஞ்சுல உக்காந்திருக்கணுமேன்னு பயம். அதுக்காக என் பாவத்த உன் முதுகுல ஏத்தி வச்சுட்டு, மூணு வருசமா, நீ விக்ரோலி ரூம்லருந்து வீட்டுக்கு வாற ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும், உன் கூடவே உக்காந்து சோறு தின்னுருக்கேன். நீ எந்த நொண்டியப் பாத்தாலும் வேற பக்கம் திரும்பிக்கிடறதப் பாத்துக்கிட்டேதான் தின்னேன். இதுக்கு மேல என்னய நானே என்னன்னு திட்ட, எனக்கு வார்த்த கெடைக்கல.

கண்ணாடி மேல துண்டப் போட்டு மூடினதும் நான்தான். "ஏன்ப்பா மூடி வச்சிருக்கீங்க?"ன்னு நீ கேட்ட. "உங்கம்மா நெனப்பு வருது"ன்னேன். அதுவும் பொய். நெனப்பு வரக்கூடாதுன்னு மூடல, நீ எண்ணிரக்கூடாதுன்னு மூடினேன். நானும் எண்ணிப் பாக்கல. மூணு வருசம் அந்தத் துண்டு மேலயே தூசி படிஞ்சு கெடந்துச்சு.

கல்யாணத்துக்கு முன்ன அப்பன் புத்தி சொல்லணும்பாவோ. எனக்கு என்ன யோக்கியத இருக்கு. இருந்தாலும் நான் பட்டத வச்சு ஒண்ணு சொல்லுதேன். மீனாகிட்ட "செஞ்சியா?"ன்னு கேக்காத. அந்தக் கேள்வியில ஆமான்னு ஒரு பதிலுக்குத்தான் எடம் இருக்கு. இல்லன்னு சொல்ல வேண்டியவ ஒண்ணு பொய் சொல்லுவா, இல்ல அழுவா. "இன்னைக்கு எப்படி இருந்துச்சு?"ன்னு கேளு. நான் உங்கம்மாகிட்ட அதக் கேட்டிருந்தா, பயமா இருக்குங்க, நீங்க பக்கத்துல நில்லுங்கன்னு சொல்லியிருப்பா. நான் அரை மணி நேரம் லேட்டாப் போயிருப்பேன், சேட் கத்தியிருப்பான். கத்தட்டுமே. இன்னொண்ணு, உன் மேலயும் ஒரு கொற உண்டு, சொல்லிருதேன். உன் பேப்பர்ல செஞ்சதுக்குக் கட்டம் இருந்துச்சு. முடியல, ஏன் முடியலன்னு எழுத ஒரு கட்டம்கூட இல்ல. இருந்திருந்தா எழுதியிருப்பேனான்னு கேட்டா தெரியாது, இதையும் நான் சாக்காச் சொல்லுதேனோ என்னவோ. ஆனா நாளைக்கு நீ இன்னொருத்தருக்கு எழுதினா, அந்தக் கட்டத்தப் பெருசாப் போடு.

எழுதுவியான்னு எனக்குத் தெரியல. அது உன் இஷ்டம். விக்ரோலி வேலையே போதும்னா அதுலயே இரு. ஆனா உன் கை தொட்டா ஒடையும்னு மட்டும் நெனச்சுக்கிட்டு இருக்காத. இந்தக் காயிதத்த மீனாவுக்கு வாசிச்சுக் காட்டு, அவ அப்பாவுக்கும் காட்டு. யாருக்கு வேணும்னாலும் காட்டு, எனக்கு இனி வெக்கம் என்ன. கல்யாணத்துல என்னய முன்னால நிக்க வேண்டாம்னு நீ சொன்னாலும் சரி, பின்னால சேர்ல உக்காந்துக்கிடுதேன். வரவே வேண்டாம்னா வரல. நான் மன்னிப்புன்னு கேக்கல. அவ தலையில கைய வச்சுச் சொன்னதச் செஞ்சு முடிக்கேன், மூணு வருசம் பிந்தி.

மீனா போன மறுநாள் காலையில அந்தத் துண்ட எடுத்தேன். எண்ணினேன். பதினொண்ணு. அஞ்சு வாரத்துக்கு முப்பத்தஞ்சு நாள் டிக் போட்டேன்ல, நெசம் பதினொண்ணுதான். அந்தப் பேப்பர் அஞ்சும் உன் சர்டிபிகேட் பைல்ல இருக்கும், நீ தூக்கிப் போட்டிருக்க மாட்ட. அதக் கொண்டுவந்து கண்ணாடி பக்கத்துல வச்சுப் பாரு. உன் கணக்கு தப்பா, என் கணக்கு தப்பான்னு அப்பத் தெரியும்.

அதோட இன்னொண்ணும் பாத்தேன். அதச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுனேன். பொட்டெல்லாம் ஒரே எடத்துல இல்ல. மொத நாலஞ்சு பொட்டு கீழ இருக்கு, பெஞ்சுல உக்காந்துக்கிட்டே கைய நீட்டுனா எட்டுத ஒசரம், கோட்டுக்கு ரெண்டு விரக்கடை தள்ளி இடது பக்கமாக் கெடக்கு. அதுக்கு மேல ரெண்டு மூணு, கூனி நின்னுக்கிட்டு ஒட்டின மாதிரி. அப்படியே மேல போகுது. கடைசிப் பொட்டு நீ ஒட்டின கறுப்புக் கோட்டுக்கு மேலயே, நேரா இருக்கு. நான் பக்கத்துல போய் நின்னு பாத்தேன். என் தோளுக்குச் சரியா வருது. உங்கம்மா நெத்தி என் தோளுக்குத்தான் வரும்.

செங்கல் இல்லாத பெஞ்சுலருந்து, யாரும் பிடிக்காம, நிமிந்து நின்னிருக்கா எய்யா. நீ எழுதிக் குடுத்ததச் செஞ்சு நின்னிருக்கா. கண்ணாடியில தன் மொகத்த நேரா பாத்து, அதுக்கு மேலயே பொட்ட ஒட்டியிருக்கா. அந்த நேரம் நான் கார்கானாவுல இருந்தேன். சாயங்காலம் வந்து, என்ன ஏதுன்னு கேக்காமலே, அன்னைக்கும் ஒரு டிக்கப் போட்டேன்.

கண்ணாடிய நான் தொடைக்கல. நீ வந்து பாக்குத வரைக்கும் தொடைக்க மாட்டேன்.

அப்பா